கல்முனைக் கரையில் ஒரு வில்லிஸ் ஜீப்

மட்டக்களப்பிலிருந்து கல்லடிப் பாலத்தைக் கடந்து தெற்கு நோக்கிச் செல்லும் பெருந்தெரு, இலங்கையின் வேறெப் பாகத்திலும் காண்டற்கரிய ஓர் இயல்புடையது. இடப்புறம் வங்கக் கடல். வலப்புறம் முதலில் வாவி, பின்னர் கண்ணுக்கெட்டிய தூரம் வயல்வெளி. இவ்விரண்டிற்கும் நடுவே கிடக்கும் ஒடுங்கிய மணற்றரையில், ஓர் ஊர் முடியுமுன் மறு ஊர் தொடங்கிவிடுகின்றது. காத்தான்குடி, ஆரையம்பதி, களுவாஞ்சிக்குடி, கல்லாறு எனப் பெயர்ப் பலகைகள் மாறுகின்றனவேயன்றி வீடுகளின் வரிசை அறுவதில்லை. கோயிற் கோபுரத்தைக் கண்டு சிறிது தூரஞ் சென்றால் பள்ளிவாசலின் மினாரா தோன்றும். அதனைக் கடந்தால் மீண்டும் ஒரு கோபுரம். பெரியநீலாவணையில் அம்பாறை மாவட்டம் ஆரம்பிக்கின்றது. மருதமுனையில் தறிகளின் ஓசை தெருவரை வந்து கேட்கும். அங்கிருந்து பாண்டிருப்பைத் தாண்டினால் கல்முனை. ஏறத்தாழ 40 கிலோமீற்றர்ப் பிரயாணம்.

கச்சான் காற்று வீசும் காலத்தில் நாம் அங்கு சென்றோம். மேற்கிலிருந்து வரும் அவ்வுலர்ந்த காற்று வயற்புழுதியை அள்ளிக்கொணர்ந்து கடைத்தெருவிற் கொட்டிவிட்டுக் கடலுக்குப் போகின்றது. கல்முனைச் சந்தையைப் பற்றியும், எருமைத் தயிரைப் பற்றியும், கடற்கரைப் பள்ளியின் கொடியேற்ற விழாவைப் பற்றியும் முன்னரே பலர் எழுதியிருக்கின்றனர். எம்மை அங்கு அழைத்துச் சென்றது வேறொரு விடயம். கல்முனைக்குடியிலே ஹாஜியார் ஒருவரிடம் அமெரிக்க வில்லிஸ் ஜீப் ஒன்று இன்னும் ஓடும் நிலையில் உள்ளதென்றும், அதனை விற்பதா வைத்திருப்பதா என்று அக்குடும்பத்தில் மாதக்கணக்காக வழக்கு நடக்கின்றதென்றும் எமது நண்பர் ஒருவர் கூறியிருந்தார். நண்பரும் எம்மைப்போல் ஓர் ஆசிரியர், அவ்வூரவர்.

'ஜீப்' என்னும் சொல்லைக் குறித்து ஒரு வார்த்தை. இக்கரையோரத்தில் உயர்ந்த சக்கரமும் அகன்ற உடலும் கொண்ட வண்டி எதுவாயினும் அது ஜீப்பே. இங்கிலாந்தின் லாண்ட் றோவரும் ஜீப். ஜப்பானின் பஜிரோவும் ஜீப். அரசாங்க அதிபரின் ஜீப், நீர்ப்பாசனத் திணைக்களத்து ஜீப், பொலிஸ் ஜீப் என்று சிறுவயதில் நாம் கேட்டவற்றுள் அமெரிக்காவிற் செய்யப்பட்டது ஒன்றேனும் இருந்திருக்குமா என்பது ஐயமே. எண்பதுகளின் பிற்பகுதியில் பிள்ளைகளாயிருந்த எமக்கு அச்சொல் அத்துணை இனிமையானதுமன்று. பொழுதுபட்டபின் தெருமுனையில் ஜீப்பின் இரைச்சல் கேட்டால் விளக்குகள் தணிக்கப்படும். தாய்மார் கதவைச் சாத்துவர். தமிழர் வீடுகளிலும் முஸ்லிம்களின் வீடுகளிலும் இது பொதுவான அனுபவம். ஆதலின் ஒரு ஜீப்பின்மீது மனிதர் பாசம் வைத்திருக்கக்கூடும் என்பதே எமக்குப் புதுமையாயிருந்தது.

இவ்விடத்தில் அவ்வண்டியின் பூர்வகதையைக் கூறுதல் பொருத்தமாகும்.

1940ஆம் ஆண்டின் கோடைகாலம். பிரான்ஸ் தேசம் ஜேர்மனியிடம் வீழ்ந்துவிட்டது. யுத்தம் தன்னையும் நாடி வருமென்றுணர்ந்த அமெரிக்க இராணுவம், பாரங் குறைந்ததும் நான்கு சக்கரங்களாலும் உந்தப்படுவதுமான சிறிய வண்டியொன்று வேண்டுமென 135 கம்பனிகளுக்கு அறிவித்தது. மாதிரி வண்டியை 49 நாள்களுக்குள் ஒப்படைக்கவேண்டும் என்பது நிபந்தனை. ஏற்று வந்தவை இரண்டே கம்பனிகள். அவற்றுள் ஒன்று பென்சில்வேனியா மாநிலத்தின் பட்லர் என்னும் ஊரிலிருந்த பாண்டம் கம்பனி. கடன்பட்டு ஏறக்குறைய மூடிக்கிடந்த நிறுவனம். கார்ல் புரோப்ஸ்ட் என்ற பொறியியலாளர் அதற்காக இரண்டே நாளில் வரைபடத்தை எழுதி முடித்தார். செப்தெம்பர் 23ஆந் திகதி, தவணையின் இறுதி நாளன்று, வண்டி இராணுவத்தின் முற்றத்திற் போய் நின்றது.

ஆயினும் பலன் பாண்டத்துக்குக் கிட்டவில்லை. அச்சிறிய கம்பனியாற் பெருந்தொகையான வண்டிகளைச் செய்து தர இயலாதென எண்ணிய இராணுவம், அதன் வரைபடங்களை ஒஹையோ மாநிலத்து டொலிடோ நகரிலிருந்த வில்லிஸ்-ஓவர்லாண்ட் கம்பனிக்கும் ஃபோர்ட் கம்பனிக்குங் காட்டிவிட்டது. வில்லிஸ் செய்த வண்டியில் 60 குதிரைவலு எஞ்சின், மற்றையவற்றினும் வலிது. ஈற்றில் ஒப்பந்தம் வில்லிஸுக்கும், துணையாக ஃபோர்ட்டுக்கும் போயிற்று. யுத்தம் முடியுமுன் இருவருமாகச் செய்தவை ஆறு இலட்சத்துக்கு மேல். பாண்டம் செய்தவை மூவாயிரத்துக்கும் குறைவு. கருவைச் சுமந்தவள் ஒருத்தி, பேர் சொல்ல வளர்த்தவள் வேறொருத்தி. ஜீப்பை உருவாக்கியவர் தாமே என்று வில்லிஸ் கம்பனியார் விளம்பரஞ் செய்தபோது, அவ்வாறு உரிமை கொண்டாடலாகாதென அமெரிக்க வர்த்தக ஆணைக்குழு 1948இல் தீர்ப்பளித்தது. தீர்ப்பினால் என்ன? 1950இல் 'ஜீப்' என்னும் பெயரையே வில்லிஸ் தன் வணிகச் சின்னமாகப் பதிந்துகொண்டது. அப்பெயர் எங்கிருந்து வந்ததென்பதில் இன்றுவரை ஒருமித்த கருத்தில்லை. இராணுவக் குறியீட்டு எழுத்துகளின் மருவென்பர் சிலர்; சித்திரக்கதையில் வந்த விசித்திர விலங்கின் பெயரென்பர் வேறு சிலர்.

வில்லிஸும் நெடுநாள் வாழவில்லை. 1953இல் கைசர் கம்பனி அதனை வாங்கியது, 1970இல் அமெரிக்கன் மோட்டார்ஸ், 1987இல் கிறைஸ்லர், அதன்பின் கிறைஸ்லரையே ஜேர்மானியர் ஒருமுறையும் இத்தாலியர் ஒருமுறையும் கைக்கொண்டு, 2021 முதல் நெதர்லாந்தைத் தலைமையிடமாகக் கொண்ட ஸ்டெலாண்டிஸ் குழுமத்தின் கீழ் ஜீப் இருக்கின்றது. இத்தனை கைமாறியும் முகம் மாறாத சரக்கு உலகில் வேறுண்டோ தெரியவில்லை.

நமது தேசத்தில் அக்காலத்து மோட்டார் வண்டிகள் பெரும்பாலும் இங்கிலாந்தினுடையவை. ஒஸ்டின், மொரிஸ், ஹில்மன் ஆகியனவே வைத்தியரும் வழக்கறிஞரும் வைத்திருந்தவை. பிரித்தானியப் பொருள்களுக்குச் சாதகமான தீர்வை முறை அதற்கொரு காரணம். அமெரிக்க ஜீப்புக்கோ இங்கு இரண்டு வாயில்கள் திறந்தன. ஒன்று யுத்தம்: 1944இல் மவுண்ட்பேட்டன் பிரபு தென்கிழக்காசியப் படைத் தலைமையகத்தைக் கண்டிக்குக் கொணர்ந்தபோது நேசநாட்டுப் படைகளின் ஊர்திகளும் உடன் வந்தன. மற்றது அணைக்கட்டு.

அம்பாறைக்கு அப்பால் இங்கினியாகலையில், பட்டிப்பளை ஆறு என்று தமிழர் வழங்கிய கல்லோயாவை மறித்து அணைகட்டும் வேலை 1949இல் ஆரம்பமாயிற்று. அவ்வேலையைப் பொறுப்பேற்றது மொறிசன்-நூட்சன் என்னும் அமெரிக்கக் கம்பனி. அமெரிக்காவில் ஹூவர் அணையைக் கட்டிய கூட்டில் பங்குகொண்ட நிறுவனம் அது. அதுவரை யானையும் கரடியும் உலவிய காட்டுக்குள் புல்டோசர்களும் இராட்சத லொறிகளும் ஜீப்புகளும் வந்திறங்கின. அமெரிக்கப் பொறியியலாளர்கள் அரைக்காற்சட்டையுடன் கல்முனைக் கடைத்தெருவுக்கு வந்து சாமான் வாங்கியதை முதியோர் இன்னுஞ் சொல்வர். சேனாநாயக்க சமுத்திரம் என்ற பெருநீர்த்தேக்கம் அவ்வாறு உண்டாயிற்று. நாட்டின் மிகப்பெரிய நீர்த்தேக்கங்களுள் அது ஒன்று.

அணை நீரைத் தந்தது. அணையுடன் குடியேற்றமும் வந்தது; அதனோடு வந்த பிணக்கையும் இங்கு மறைத்தல் நேர்மையாகாது. 1956 ஜூனில் தனிச்சிங்களச் சட்டம் நிறைவேறிய வேளையில் கல்லோயாவில் மூண்ட கலவரத்திற் பலர் கொல்லப்பட்டனர். காடழிக்கக் கொணர்ந்த அரசாங்க வண்டிகளையும் புல்டோசர்களையுமே கலகக்காரர் கைப்பற்றி ஏறி வந்தனர். 1961இல் மட்டக்களப்பின் தென்பாகம் அம்பாறை மாவட்டமெனப் பிரிக்கப்பட்டது. கல்முனையும் அதனுட் சேர்ந்தது.

ஹாஜியாரின் வீட்டைக் கண்டுபிடித்தல் சிரமமாயிருக்கவில்லை. "ஜீப் வீடு" என்றதும் சிறுவனொருவன் சைக்கிளில் முன்சென்று வழிகாட்டினான். எழுபதை அணுகியவர், வெள்ளைச் சாரம், தொப்பி, நரைத்த தாடி. முற்றத்து மாமரத்தின் கீழே கதிரைகளை இழுத்துப் போட்டார்.

"இரிங்க மாஸ்டர். கச்சான் காத்துக்கு உள்ளுக்கு இரிக்கேலா. இந்த நெழல்தான் சுகம்."

இஞ்சித் தேத்தண்ணீர் வந்தது. அதனைப் பருகியபடியே, கிடுகுக் கொட்டிலுள் நின்ற வண்டியை நோக்கினோம். இலைப்பச்சை நிறம், பல தரம் தூரிகையாற் பூசிய தடிப்பு. முன்வலையில் ஏழு இடைவெளிகள். யுத்தகாலத்து வண்டிக்கு அவை ஒன்பது. யுத்தத்தின்பின் பொதுமக்களுக்கெனச் செய்ததற்கே ஏழு. முன்கண்ணாடி நடுவிலே பிரிவின்றி ஒரே துண்டாயிருந்தது. ஆகவே இது 1949க்கும் 1953க்கும் இடையில் டொலிடோவிற் செய்யப்பட்ட இனத்தைச் சேர்ந்ததெனத் துணிந்தோம். "அணைக்கட்டு வேலைக்கு வந்து, வேலை முடிய ஏலத்தில போன வண்டி" என்பது ஹாஜியாரின் வாப்பா சொல்லிவைத்த வரலாறு. பதிவுப் புத்தகத்தில் அதற்குச் சான்றில்லை; முற்பக்கங்கள் கறையானுக்கு இரையாகிவிட்டன. காலம் மட்டும் பொருந்துகின்றது. இலக்கத் தகட்டில் இரண்டு ஆங்கில எழுத்துகள். சிலோன் என்னும் பெயரின் எழுத்துகளை இணைத்து இலக்கமிட்ட காலத்தவை அவை. 1958இல் வாகனத் தகடுகளில் சிங்கள 'ஸ்ரீ' எழுத்து வந்து, அதற்கெதிராகத் தமிழ்ப் பகுதிகளில் தார் பூசும் இயக்கம் நடந்ததை வாசகர் அறிவர். அதற்கு முந்தியதாதலால் இவ்வண்டி அவ்வழக்கிற் சிக்கவில்லை.

ஹாஜியாரின் வாப்பா ஒரு போடியார். சம்மாந்துறைக்கப்பால் வட்டையிலே வயல், கரையிலே வீடு. அறுபதுகளில் இந்த ஜீப்பை வாங்கும்வரை மாட்டுவண்டிதான். விதைப்புக் காலத்தில் வயலுக்குப் போனால் வாடியிலே தங்கி, கிழமைக்கொரு தரம் ஊருக்கு வருவார். ஜீப் வந்தபின் விடியற்காலைத் தொழுகையை முடித்துக்கொண்டு புறப்பட்டு, முல்லைக்காரருடன் வேலையைப் பார்த்து, இரவுச் சோற்றுக்கு வீடு திரும்பினார். மணலிற் புதையாமல், சேற்றிற் சிக்காமல், வரம்பையும் வாய்க்காலையும் ஏறிக் கடக்கும் வண்டி அக்காலத்தில் வேறில்லை. அமெரிக்காவிலும் யுத்தத்தின்பின் கம்பனியார் இதனை உழவரின் துணைவனென்றே விற்றனர். எஞ்சினின் சுழற்சியை வெளியே எடுத்து நீரிறைக்கும் பம்பியையும் அரிவாள் இயந்திரத்தையும் ஓட்டும் வசதி அதிலிருந்தது. உழவு இயந்திரம் வராத ஒரு போகத்தில் களவெட்டியிலே கதிரைப் பரப்பி, ஜீப்பைச் சுற்றிச் சுற்றி ஓட்டிச் சூடடித்தாராம் வாப்பா. "நெல்லுல பெற்றோல் மணக்குது எண்டு உம்மா ஏசின ஏச்சு!" என்று ஹாஜியார் நகைத்தார்.

நகைப்பு நெடுநேரம் நிலைக்கவில்லை. வண்டி வைத்திருப்பதன் வருத்தங்களைக் கூறத் தொடங்கியதும் அவர் வேறு மனிதரானார். 1970க்குப் பின் இறக்குமதிக் கட்டுப்பாடு கடுமையாகி உதிரிப்பாகங்கள் கிடையாமற் போயின. கியர்ப் பெட்டியின் பல்லுச்சக்கரம் ஒன்று தேய்ந்தபோது கொழும்பு பஞ்சிகாவத்தைக்கு நான்கு முறை சென்றும் வெறுங்கையுடன் திரும்பி, ஈற்றில் கடைசல் பட்டறையிலே உழவு இயந்திரத்தின் இரும்பைக் கடைந்து பொருத்தினார்களாம். கைப்பிறேக் சக்கரத்தைப் பிடியாமல், பின்னே செல்லும் சுழல்தண்டையே பிடிக்கும் அமைப்பாதலால், சேறு புகுந்தால் அது இருந்தும் இல்லாததே. மேட்டில் நிறுத்தினால் சக்கரத்துக்குக் கல் வைக்கவேண்டும். மின்சாரமோ 6 வோல்ட். அந்தப் பற்றறி கடைகளில் இல்லாமற் போனபின் முழுவதையும் 12 வோல்ட்டுக்கு மாற்றினர். இவற்றுக்கெல்லாம் மேலாக, 1973இல் உலகெங்கும் எண்ணெய் விலை ஏறியது. பெற்றோலைத் தண்ணீராய்க் குடிக்கும் எஞ்சினை வைத்துக்கொண்டு வேளாண்மை செய்வதெப்படி? வாப்பா பொறுத்துப் பார்த்தார். எண்பதுகளின் தொடக்கத்தில், ஜப்பானிய வண்டிகள் பெருகிவிட்ட நிலையில், கராஜ் பாஸ் ஒருவர் பழைய எஞ்சினைக் கழற்றிவிட்டு ஜப்பானிய டீசல் எஞ்சினொன்றைப் பூட்டிக்கொடுத்தார்.

"அப்படியாயின், அமெரிக்கக் கம்பனியின் பொருள் இதில் எவ்வளவு எஞ்சியிருக்கின்றது?" என்று வினவினோம்.

"சேசிஸ் இரிக்கு. முன்வல, கண்ணாடிச் சட்டம், தகடு, முன்னுக்கும் பின்னுக்கும் அச்சு. மத்தது எல்லாம் நம்மட ஊர்தான் மாஸ்டர். தரைத் தகடு மூணு தரம் அடிச்ச. சீட்டு மருதமுனைல தச்ச."

எமது நண்பருக்கு இது வியப்பாயிற்று. எமக்கோ இன்னொரு செய்தி நினைவுக்கு வந்தது. இந்தியாவில் வில்லிஸ் ஜீப்புகளைப் பொருத்தி விற்ற மகேந்திரா கம்பனி 1945இல் தொடங்கியபோது அதன் பெயர் மகேந்திரா அன் முகம்மது. பங்காளராயிருந்த குலாம் முகம்மது என்பவர் 1947இல் பாகிஸ்தான் சென்று அந்நாட்டின் முதல் நிதி மந்திரியாகி, பின்னர் மகாதேசாதிபதியுமானார். இங்கே மகேந்திரா சகோதரர் கம்பனியின் பெயரை மாற்றி ஜீப் வேலையை நடத்தினர். இதனைக் கேட்ட ஹாஜியார் தேத்தண்ணீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, "அப்ப இதுவும் ஒங்கட ஆளும் எங்கட ஆளும் கூட்டாச் செஞ்ச யாவாரம்தான். பிரிஞ்ச பொறகும் வண்டி ஓடித்தானே இரிக்கு" என்றார்.

வழக்குக்கு வருவோம். கீழ்மாகாணத்திலே, தமிழராயினும் முஸ்லிம்களாயினும், பெண்பிள்ளைக்கு வீடு கொடுத்தே மணஞ் செய்விப்பர். மாப்பிள்ளை பெண்வீட்டுக்கு வருவாரேயன்றிப் பெண் மாப்பிள்ளை வீட்டுக்குப் போவதில்லை. மூன்று பெண்களைப் பெற்ற தகப்பன் மூன்று வீடு கட்டவேண்டும். நான்காவதாகத் தமக்கெனக் குடிசை போட்டுக்கொண்டாலும் யாரும் குறைசொல்லார். ஹாஜியாரின் மூத்த பெண்மக்கள் இருவருக்கும் வீடாயிற்று. இளையவள் ஒலுவிலிலுள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகத்திற் படித்துப் பட்டம் பெற்றவள், கலியாணம் நிச்சயமாகியிருந்தது. அவளுடைய வீடு சுவர்மட்டத்துக்கு எழும்பிக் கூரையின்றி நிற்கின்றது. 2022இன் பொருளாதார நெருக்கடிக்கு முன் சீமெந்துக்கும் கம்பிக்கும் ஒதுக்கிய பணம், நெருக்கடியின்பின் பாதிச் சுவருக்கே போதுமாயிருந்ததாம். அவ்வாண்டு எரிபொருளுக்காக மக்கள் நாள்கணக்கில் வரிசையில் நின்றதும், பின்னர் கார் ஒன்றுக்குக் கிழமைக்கு 20 லீற்றர், மோட்டார் சைக்கிளுக்கு 4 லீற்றர் என்று பங்கிட்டதும் யாவரும் அறிந்தவை. அம்மாதங்களில் ஜீப்பைக் கட்டைமேல் ஏற்றிவைத்துவிட்டு, ஹாஜியார் வயலுக்குச் சைக்கிளிற் போனார்.

இன்னொரு புறம், 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது முதல் பழைய வண்டிகளின் விலை ஏறிக்கொண்டே போயிற்று. தனியார் வாகனங்களுக்கு மீண்டும் அனுமதி கிடைத்தது 2025 பெப்ரவரியில். இதற்கிடையிற் பழைய ஜீப்புகளைத் தேடி வாங்கி, பிறந்த கோலத்துக்குத் திருத்தி வைத்துக்கொள்ளும் செல்வந்தர் கொழும்பில் உண்டாயினர். அவர்களுள் ஒருவர் ஆளனுப்பி விலைபேசியிருந்தார். விலை, கூரையைப் போட்டு நிலத்துக்குத் தள ஓடும் பதிக்கப் போதுமானது. நிபந்தனை ஒன்றே: பழைய வில்லிஸ் எஞ்சினையும் சேர்த்துத் தரவேண்டும். அந்த எஞ்சின் நாற்பது வருடங்களாகக் கொட்டிலின் மூலையில் சாக்கினாற் சுற்றப்பட்டுக் கிடக்கின்றது. அதன்மேற் கோழிகள் அடைகிடந்து குஞ்சு பொரித்திருக்கின்றன.

மனைவியார் விற்கச் சொல்கின்றார். மருமக்கள் இருவரும் அவ்வாறே. மகன் சம்மதிக்கவில்லை. மணப்பெண்ணோ வாய்திறக்கவில்லை, அவளுடைய வீட்டைப் பற்றிய வழக்கில் அவள் என் சொல்வாள்? எமது எண்ணத்தையும் ஹாஜியார் கேட்டார். இரும்பைவிடப் பெண்ணின் வீடு பெரிதன்றோ என்று, ஆசிரியத் தொழிலுக்கே உரிய துணிவுடன் கூறினோம். அவர் மறுக்கவில்லை. சற்றுநேரம் மௌனமாயிருந்துவிட்டு, 2004 திசெம்பர் 26ஐப் பற்றிச் சொல்லத் தொடங்கினார்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. பெரும்போக வயலைப் பார்க்க விடியற்புறமே ஜீப்பில் வட்டைக்குப் போயிருந்தார். ஒன்பது மணிக்குப்பின் வீதியால் ஓடிவந்தவர்கள் "கடல் வந்திட்டு" என்றார்கள். அவருக்குப் பொருள் விளங்கவில்லை. ஊருக்குத் திரும்பிய வழியில் நீரையும் மரங்களையும் இடிந்த மதில்களையும் கண்டபின்தான் விளங்கிற்று. வேறு வாகனங்கள் ஏற இயலாத மணலிலும் இடிபாட்டிலும் ஜீப் ஏறியது. முதலிற் காயப்பட்டோரை ஏற்றி வைத்தியசாலைக்கு ஓடினார். பிற்பகலில் ஏற்றுவதற்குக் காயப்பட்டோர் இல்லை. அன்றிரவும் மறுநாளும் ஜனாஸாக்களையே சுமந்தார். மருதமுனைக்கும் சாய்ந்தமருதுக்கும் இடையில் எத்தனை முறை போய்வந்தாரென்று கணக்கில்லை. பாண்டிருப்பிலே தமிழர் வீட்டுப் பிள்ளைகளையும் ஏற்றினார். எவரும் எந்த ஊர், எந்தச் சமயம் என்று கேட்கவில்லை. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர்; இலங்கையில் வேறெந்த மாவட்டத்திலும் அவ்வளவு உயிர் போகவில்லை.

"எங்கட ராத்தாவயும் இதிலதான் கொண்டு போன" என்றார். பின் பலகையைக் கையினாற் காட்டினார். அவ்விடத்தில் வண்ணம் பூசப்படவில்லை. பலகையும் மாற்றப்படவில்லை.

நாம் மேற்கொண்டு யோசனை கூறவில்லை.

அஸர்த் தொழுகையின்பின் எம்மை வண்டியில் ஏற்றிக்கொண்டு கிட்டங்கித் தாம்போதி வரை போனார். ஜீப்பிற் செல்லும் சுகத்தை மிகைப்படுத்தலாகாது. இரும்புக் கட்டிலை நான்கு பேர் தூக்கிக்கொண்டு ஓடினால் எவ்வாறிருக்குமோ அவ்வாறிருந்தது. பேசுவது கேளாது, நண்பர் தமது மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பைக்குள் இட்டுக்கொண்டார். ஆயினும் மேற்கே விளைந்துகிடந்த சிறுபோக வேளாண்மையின் மேல் வெயில் சாயும் அக்காட்சியை, கதவும் கண்ணாடியும் இல்லாத அவ்வண்டியிலிருந்து பார்ப்பதுபோல வேறெதிலிருந்தும் பார்க்க முடியாது.

தாம்போதியில் வண்டியை நிறுத்தினார். கச்சான் காலமாதலால் நீர் கீழே அடங்கிக் கிடந்தது. மாரியில் இத்தாம்போதியை வெள்ளம் மேவும். கல்முனைக்கும் மேற்கேயுள்ள ஊர்களுக்கும் தொடர்பு அறும். 1978 நவம்பர் சூறாவளியில் தென்னைகள் தெருவெங்கும் விழுந்து கிடந்தபோது, இளைஞராயிருந்த ஹாஜியார் சங்கிலி பூட்டி இந்த ஜீப்பினால் இழுத்து வழி திறந்தவர். வாப்பாவுக்கு நீரென்றால் பயமே கிடையாதாம். காற்றாடியின் பட்டியைக் கழற்றிவிட்டு, நெஞ்சளவு நீரிலும் இறக்குவாராம். ஹாஜியார் இறக்குவதில்லை. 2024 நவம்பர் 26ஆந் திகதி, காரைதீவுக்கு அருகே மாவடிப்பள்ளியில் வெள்ளத்தைக் கடக்க முயன்ற உழவு இயந்திரம் அடித்துச் செல்லப்பட்டு, அதிலிருந்த மத்ரசா மாணவர்கள் உயிரிழந்தனர். அந்தக் கிழமையில் கிட்டங்கியால் அக்கரைக்குக் கொண்டுபோய் விடும்படி பலர் வந்து ஜீப்பைக் கேட்டனர். "திறப்ப எடுத்து உம்மாட கபுறடிக்கிட்ட போய் இரிந்துட்டன் மாஸ்டர். ஊட்டுல இரிந்தா குடுத்திரிப்பன்" என்றார்.

நாம் மட்டக்களப்புக்குத் திரும்பிய இரண்டு கிழமையின்பின் நண்பர் தொலைபேசியிற் பேசினார். கொழும்புக்காரர் வெள்ளிக்கிழமை ஜும்ஆவின்பின் வருவதாகச் சொல்லியிருந்தாராம். ஹாஜியார் கோழிகளை விரட்டிவிட்டு, சாக்கை அவிழ்த்து, பழைய எஞ்சினை மாமரத்தின் கீழே எடுத்துவைத்திருக்கின்றார். விற்பதற்கா, மீண்டும் பூட்டுவதற்கா என்பதை மனைவியாரிடங்கூடச் சொல்லவில்லை. எஞ்சின் இறுகிப்போய்விட்டது. தகப்பனும் மகனுமாக நான்கு துவாரங்களிலும் மண்ணெண்ணெயை ஊற்றி, மூன்று நாள் ஊறவிட்டு, முன்னாலுள்ள கைபிடியைப் போட்டுச் சுழற்றிப் பார்த்தனர். முதல்நாள் அசையவில்லை. மறுநாள் ஓர் அங்குலம் திரும்பிற்றாம்.